பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒரு மேடு

என் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். இணையத்தில் மூன்று லட்சம் பேர் அவருடைய சேனலைத் தொடர்கிறார்கள். மெஷின் பாதியில் நின்றால், தண்ணீர் வெளியேறாமல் தேங்கினால், சுற்றும்போது வீடே அதிர்ந்தால், முதலில் தேடுவது அவருடைய வீடியோவைத்தான். அத்தனை பேருக்கும் அவர் குரல் அத்துப்படி. அந்தக் குரலை வெட்டி ஒட்டிச் செய்தவள் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பேச்சு திக்கும். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே திக்கும். எல்லாச் சொல்லிலும் இல்லை. சில எழுத்துகள் அவருக்கு ஜென்ம விரோதிகள், அதில் ஒன்றில்தான் என் பெயர் தொடங்குகிறது. மற்ற சொற்களுக்கு மாற்று கண்டுபிடித்து வைத்திருந்தார். 'பக்கெட்' வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் 'அந்த வாளி' என்பார். என் பெயருக்கு மாற்றாக எதைச் சொல்வது? கல்யாணமான புதிதில் 'ஏய்' என்று கூப்பிட்டார். நான் முறைத்த முறைப்பில் அது 'இங்க வாயேன்' ஆயிற்று. சேனல் தொடங்கிய பிறகு 'எடிட்டர்' என்று ஆக்கிக்கொண்டார். அது மட்டும் தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் திக்குவதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. வீடு வீடாகப் போவார். மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்துவிட்டு, "பெ... பெ... பெல்ட்டு போச்சும்மா" என்பார். அந்த அம்மா காத்திருப்பாள். அவர் சொல்லி முடிப்பார். காத்திருந்ததால் யாருக்கும் எதுவும் குறைந்து போனதாகத் தகவல் இல்லை.

நான் அப்போது ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஒரே சந்தேகத்தை நூறு பேர் கேட்கிறார்களே, ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று யோசனை சொன்னதும் நான்தான். படுக்கையறை ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தி வைத்தோம், தெருச் சத்தம் கேட்காமல் இருக்க. அறை நடுவில் முதுகைக் கழற்றிய ஒரு மெஷின். அவருடைய கைகள் மட்டும் தெரியும், பின்னால் குரல். நாற்பது நிமிடம் எடுத்தோம். அதில் திக்கிய இடங்களை எல்லாம் நான் வெட்டி எறிந்ததும் ஒன்பது நிமிடம் மிஞ்சியது. மூச்சே விடாமல் ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். சொல்லுக்குச் சொல் கை தாவுகிறது, ஸ்பானர் தாவுகிறது, திருகு தானாக வெளியே வந்து நிற்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு எனக்கே தலை சுற்றியது.

ஜனங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 'என்ன வேகம் பாஸ்', 'ஒரு செகண்ட் கூட போர் அடிக்கல' என்று கமெண்ட். அது தாவித் தாவி வெட்டுவது புது மோஸ்தராகக் கிளம்பியிருந்த நேரம். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் செய்தது ஒளித்து வைக்கும் வேலை, வெளியே அது பாணி என்று பெயர் வாங்கிவிட்டது. ஏதோ ஓர் இணையதளத்தில் எங்களை முன்னோடிகள் என்றே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு, நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாம், மூச்சு விடத் தெரிந்தவர்கள் எல்லாம், தங்கள் மூச்சை வெட்டி எறிந்துவிட்டு என் கணவரைப்போலப் பேச ஆரம்பித்தார்கள். நல்ல சட்டையைக் கிழித்து ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு சோப்புத்தூள் கம்பெனி விளம்பரம் தர வந்தது. கூடவே ஓர் ஆலோசகனையும் அனுப்பி வைத்தது. இருபத்தாறு வயது. எப்போது பார்த்தாலும் காதில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு போன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ட்ரெண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய உண்மையோடு வருவான். போன ஆறு மாதம் அவனே சொன்ன உண்மை அன்றோடு பாவத்தில் சேர்ந்துவிடும்.

"கையை மட்டும் காட்டுற காலம் முடிஞ்சு போச்சுக்கா," என்றான் முதல் வருகையில். "முகம் வேணும். எனர்ஜி வேணும். ஆரம்பத்துலயே ஒரு கத்து கத்தணும்."

"எதுக்குக் கத்தணும்?" என்றேன்.

"இல்லன்னா மூணாவது செகண்ட்ல போயிடுவாங்க."

"மெஷின்ல தண்ணி ஒழுகிட்டு இருக்கிறவன் எங்கடா போவான்?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அப்புறம் அவரை உட்கார வைத்து முகப்புப் படம் எடுத்தான். இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொள்ள வேண்டும், வாயைப் பிளக்க வேண்டும், கண் தெறித்து வெளியே வரவேண்டும்.

"எ... எதைப் பாத்து இப்படி வாயப் பொளக்கணும்?" என்று கேட்டார் இவர்.

"இந்த டியூப்பைப் பாத்துண்ணா."

"அதை இ... இருபது வருஷமாப் பாக்குறேனே."

எடுத்தார்கள். பின்னாலேயே ஒரு சிவப்பு அம்புக்குறி, 'இதை மட்டும் செஞ்சுடாதீங்க' என்று கொட்டை எழுத்து. அழுக்கு நீர் வெளியேறும் ஒரு ரப்பர் குழாயைப் பார்த்து உலகம் அழியப்போகிற மாதிரி ஒரு நாற்பத்திரண்டு வயது ஆள் அலறும் படம் அது. என்னை அவருக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கவலையாக இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. எனக்குத்தான் வேலை இரட்டிப்பாயிற்று. திக்கும்போது முகம் இழுத்துக்கொள்ளும், கண் இமை துடிக்கும். அதையும் சேர்த்து வெட்ட வேண்டும். ஒரு வீடியோவுக்கு நானூறு வெட்டு. பார்ப்பவர்களுக்கு அவர் துறுதுறுவென்று இருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சமாச்சாரம் நடந்தது. ஹார்டுவேர் கடைக்கு, குழாயை இறுக்கும் ஹோஸ் கிளிப் வாங்கப் போயிருந்தோம். கல்லாவில் இருந்தவர் இவரை அடையாளம் கண்டுகொண்டார். "சார் நீங்களா, எங்க, வீடியோல சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க சார், ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்று போனைத் தூக்கிப் பிடித்தார். நாலு பேர் கூடிவிட்டார்கள். இவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கல்லாக்காரர் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவர் வாயை மூடி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டினார். "தொண்டை கட்டியிருக்கு" என்று நான் மொழிபெயர்த்தேன்.

அன்றிலிருந்து அந்தத் தொண்டை கட்டியேதான் இருந்தது. போன் மணி அடித்தால் எடுக்கமாட்டார். வேலைக்குக் கூப்பிட்டால் தன்னிடம் வேலை கற்ற ஒருவரை அனுப்பிவிடுவார். காய் வாங்கப் போவதும் நான்தான், பஸ்ஸில் டிக்கெட் கேட்பதும் நான்தான். நாற்பது வருஷமாகக் கூச்சமில்லாமல் திக்கிக்கொண்டிருந்த மனுஷன், வீடியோவில் ஊர் முழுக்கச் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஊமையாகிவிட்டார்.

ஒருநாள் நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "உன் வீடியோல இருக்கிறவன் நல்லா பே... பே... பேசுறான்" என்றார். "எல்லாருக்கும் அவனைத்தான் பிடிச்சிருக்கு. நான் வெளிய போனா அவன் மா... மானம் போயிடும்."

எனக்கு என் கையை முறித்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. இவரை வாயடைத்து உட்கார வைத்தது அந்தக் கல்லாக்காரர் இல்லை, நான். அப்படித் தோன்றியதே தவிர, கம்பெனிக்கு நாள் கொடுத்திருந்ததால் அன்றைய நானூறு வெட்டையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து வந்தது கிசுகிசுப்பு. "கத்துறவங்களைப் பாத்தாலே ஜனங்க ஓடுறாங்கக்கா," என்று ட்ரெண்டு வந்தான், கத்தச் சொன்ன அதே வாயால். "இப்ப எல்லாம் ரகசியம் சொல்ற மாதிரி பேசணும். பின்னாடி ஒரு செடி. மஞ்சள் வெளிச்சம். மைக்கை இப்படி ரெண்டு விரலால பிடிச்சுக்கணும்." கடலை அளவு மைக்கைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மோட்டாரைப் பற்றி என் கணவர் காதலியிடம் பேசுகிற மாதிரி பேசினார். இதில் ஒரு வேடிக்கை, கிசுகிசுத்தால் அவருக்குத் திக்காது. வெட்ட வேலையே இல்லாமல் ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தேன். வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தார். "சாப்பாடு ஆயிடுச்சா" என்று குசுகுசுவென்று கேட்பார். யாரோ வீட்டில் திருட வந்தவர் மாதிரி இருக்கும். மாமியார் போனில், "ஏம்மா, அவனுக்கு உடம்பு சரியில்லையா, காத்துதான் வருது" என்று அழுதாள்.

அதுவும் செத்தது. ஏழாவது வருஷம் ட்ரெண்டு வந்து நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். தரையில் உட்கார்கிறான் என்றால் பெரிதாக ஏதோ வந்திருக்கிறது.

"வெட்டு செத்துடுச்சுக்கா."

"என்ன?"

"எடிட்டிங். யாரும் நம்புறதில்ல. ஒட்டு தெரிஞ்சாலே பொய்ங்கிறாங்க. இனிமே ஒரே டேக். செடி வேணாம், லைட்டு வேணாம். உண்மையா இருக்கணும்." பிறகு போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "கம்பெனி ஒரு லைவ் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. ஒரு மணி நேரம். அண்ணன் நேரடியா கேள்விக்குப் பதில் சொல்லணும்."

ட்ரெண்டுக்கு விஷயம் தெரியாது. இத்தனை வருஷமாக அவன் வரும்போதெல்லாம் இவர் நாலு வார்த்தைதான் பேசுவார்; அதை அவன் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்திருந்தான். நான் காய்ச்சல் என்றேன், வெளியூர் என்றேன், நெட் இல்லை என்றேன். இவர் மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"வ... வரேன்னு சொல்லு."

அவன் போன பிறகு நான் சாமியாடினேன். மூன்று லட்சம் பேர், ஏழு வருஷம், ஒரு மணி நேரத்தில் எல்லாம் நாறிப்போகும் என்றேன். நேரலையில் நான் எங்கே வெட்டுவது, எதை ஒட்டுவது? அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைக்குப் போய் ஒரு கி... கிளிப் வாங்கணும் எனக்கு," என்றார். "நானே கேட்டு வாங்கணும். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு கேமராவுக்குப் பின்னால் நின்றேன், வெட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பதினாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கேள்வி, மெஷினில் தண்ணீர் வடியவில்லை. அதற்கு விடை 'பம்ப்'. அவர் 'ப்' என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றார். உதடு ஒட்டியது ஒட்டியபடி. நான் மனதுக்குள் இங்கே ஒரு வெட்டு, இங்கே ஒரு வெட்டு என்று போட்டுக்கொண்டிருந்தேன். கமெண்டுகள் ஓடின. 'எனக்கு மட்டும் சிக்குதா?' 'நெட் ஸ்லோ.' 'ரீஸ்டார்ட் பண்ணுங்க அட்மின்.' 'எனக்கும் நின்னுடுச்சு.'

அவர் அதைப் படித்தார். உதட்டைப் பிரித்தார்.

"நெட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார். "நி... நிக்கிறது நா... நான்தான். கொஞ்சம் இருங்க, ப... ப... பம்ப் வரும்."

கமெண்ட் கொட்டியது. இதயம், கைதட்டல், அழுகை முகம். 'இதுதான் உண்மை', 'எவ்வளவு தைரியம்', 'எங்க அண்ணனும் இப்படித்தான்' என்று வரிசையாக. இவர் அதை எல்லாம் கண்டுகொள்ளாமல் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். முடிந்ததும் ட்ரெண்டு போனில் கூப்பிட்டான். "அக்கா, செம்ம. அந்த இடைவெளி, அந்தத் தடுமாற்றம். இப்படி ஒண்ணு உலகத்துலயே யாரும் பண்ணல. யாரோட ஐடியா?"

"அவரைப் பெத்த அம்மாவோடது," என்றேன்.

மறுநாள் காலை இவர் ஹார்டுவேர் கடைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. பை நிறைய கிளிப்போடு வந்தார். எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது, பத்து வருஷத்துக்குக் காணும்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? ஒரு மாதத்தில் இணையமே திக்க ஆரம்பித்துவிட்டது. போன்களைப் பற்றி மடமடவென்று பொழிந்துகொண்டிருந்த ஒருவன், திடீரென்று 'பே... பே... பேட்டரி' என்றான். ஒரு வீடியோவுக்குச் சரியாக மூன்று தடவை, மூன்றும் 'பேட்டரி'யில்தான். வீட்டு அலங்காரம் சொல்லித்தரும் ஒரு பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், 'சாரி, என்னால முடியல' என்பாள், பிறகு திரைச்சீலையின் விலையைத் தெளிவாகச் சொல்வாள். ட்ரெண்டு இதற்கு வகுப்பே எடுத்தான். எங்கே தடுமாற வேண்டும், எவ்வளவு நேரம் தடுமாற வேண்டும், தடுமாறி முடித்ததும் எந்தப் பக்கம் சிரிக்க வேண்டும் என்று பாடத்திட்டம் வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என் கணவரைத் திக்கியதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றியவர்கள் இதற்குக் காசு கட்டிச் சேர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் இவருக்கு வேறு ஒன்று நடந்தது. பயம் போனதும் திக்குவது குறைந்துகொண்டே வந்தது. முழுக்கப் போகவில்லை, சில நாள் வரும், சில நாள் வராது. போனை அவரே எடுத்தார். பழையபடி வீடுகளுக்குப் போனார். எட்டாவது வருஷம், கம்பெனியின் புதுத் தூளுக்காக ஒரே டேக்கில் ஒரு வீடியோ எடுத்தோம். வடிகட்டியைச் சுத்தம் செய்வது எப்படி. நான் கேமராவை ஓடவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். வெட்டத்தான் வேலை இல்லையே. முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு ட்ரெண்டுக்கு அனுப்பினேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசியிருந்தார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"என்னக்கா இது? அண்ணன் திக்கவே இல்ல."

"ஆமா. நல்லாயிருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மையா இல்லையேக்கா. கம்பெனி கேக்குறது பழைய அண்ணனை. ஜனங்க ஏமாந்துடுவாங்க. உங்ககிட்ட பழைய திக்கு ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. எடிட்டர் புத்தி, எதையும் அழிக்கமாட்டேன். ஏழு வருஷமாக வெட்டிய அத்தனையும் ஒரு ஹார்டு டிஸ்கில், 'வேண்டாதது' என்று பெயர் போட்ட ஃபோல்டரில் கிடந்தது. "அங்கங்க ஒண்ணு ரெண்டு வெச்சா போதும்கா. முக்கியமான பாயிண்டுக்கு முன்னாடி வந்தா நல்லது. அண்ணனுக்கு முன்னெல்லாம் தப்பான இடத்துல வந்துடும்," என்றான்.

அன்று மதியம் நான் உட்கார்ந்து ஒட்டினேன். மறைக்கப்போவதில்லை. கம்பெனி போய்விடுமே என்கிற பயம் பாதி, வேலை சுத்தமாக வருகிறதே என்கிற திமிர் பாதி. நாலாம் வருஷத்து 'வ... வ... வால்வு' ஒன்று அச்சாக உட்கார்ந்தது. வெளிச்சத்தைச் சரிசெய்தேன், குரலைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். ஒட்டு தெரியவில்லை. என் தொழிலில் அப்படி ஒரு ஒட்டு நான் போட்டதே இல்லை.

பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார், டீ கிளாஸோடு.

"இது எப்ப எடுத்தது?" என்றார்.

"தேதி ஞாபகம் இல்ல. இன்லெட் வால்வு வீடியோ."

"அன்னைக்கு எங்க அப்பாவை ஐசியுல வெச்சிருந்தாங்க. நீ ஆஸ்பத்திரில இருந்து வந்து கேமரா வெச்சே. சீக்கிரம் முடிச்சிட்டு ஓடணும்னு இருந்துச்சு எனக்கு. அதான் அவ்வளவு திக்குச்சு." கிளாஸை மெஷின் மேல் வைத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அதைத் திருப்பி என் வாயில வெக்காத."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். நாக்கு எனக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

"நீ இதைக் கடைசி வரைக்கும் பாத்தியா?" என்று கேட்டார்.

"எதை?"

"இந்த வீடியோவை."

பார்க்கவில்லை. ஏழு வருஷம் அவருடைய ஒவ்வொரு மூச்சையும் எண்ணி வெட்டியவள், வெட்ட ஒன்றும் இல்லை என்றதும் மூன்று லட்சம் பேரைப்போலவே பாதியில் எழுந்து போயிருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் திரையின் அடியில் நேரம் காட்டும் கோட்டைக் கடைசிக்கு இழுத்தேன். பன்னிரண்டாவது நிமிடம். வடிகட்டியை மாட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேராக கேமராவைப் பார்க்கிறார்.

"இன்னொண்ணு சொல்லணும்," என்கிறார். "இந்த சேனல்ல இத்தனை வருஷம் நான் நல்லா பேசுனதா நினைச்சிருப்பீங்க. அது நான் பேசுனது இல்ல. உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணது என் பொண்டாட்டி. எடிட்டர்னுதான் கூப்பிடுவேன், பேர் வராது எனக்கு. அவ பேரு..."

அங்கே நின்றார். அந்த வீடியோவில் அது ஒன்றுதான் திக்கல். நரம்பு புடைக்கிறது, கண் மூடுகிறது, தாடை நடுங்குகிறது. மாற்றுச் சொல் தேடவில்லை. கையை ஆட்டி விட்டுவிடவில்லை. திரையின் அடியில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நொடி. பிறகு சொன்னார், முழுதாக, தெளிவாக. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் என் பெயரை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். வேண்டுமானால் அவர் சொல்லக் கேளுங்கள், பதினோரு நொடி ஆகும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மறுபடி போன். ட்ரெண்டும் இப்போதுதான் கடைசி வரை பார்த்திருக்கிறான்.

"அக்கா, கடைசில தங்கம் இருக்கு. அந்தப் பதினோரு செகண்டைத் தூக்கி முதல்ல வைங்க. பேர் வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி கட் பண்ணிடுங்க, சஸ்பென்ஸ். முகப்புப் படத்துக்கும் அந்தக் கண்ணு மூடுற ஃபிரேம்தான். 'மனைவியின் பெயரைச் சொல்ல முடியாத கணவன்'. யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அரை நொடி. அதற்குப் பிறகு நான் சொன்னதை அச்சில் போட முடியாது. அவன் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் அவன் பாடு. ஒட்டிய திக்குகளை எல்லாம் பிடுங்கினேன். எதையும் வெட்டவில்லை, எதையும் நகர்த்தவில்லை. அவர் எந்த இடத்தில் சொன்னாரோ அந்த இடத்திலேயே, பன்னிரண்டாவது நிமிடத்திலேயே இருக்கட்டும் என்று அப்படியே ஏற்றினேன். முகப்புப் படமாக ஒரு வடிகட்டியை வைத்தேன்.

எங்கள் சேனல் வரலாற்றிலேயே அப்படி மண்ணைக் கவ்விய வீடியோ கிடையாது. 'முன்ன மாதிரி உண்மையா இல்ல' என்று ஒருவர். 'திக்குனது எல்லாம் நடிப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்' என்று இன்னொருவர். 'பேட்டரி அண்ணன்தான் ஒரிஜினல், இவர் அவரைப் பாத்து காப்பி அடிச்சாரு' என்பதற்கு நானூறு லைக். இவர் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். எங்கேயும் திக்கவில்லை. படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சோப்புத்தூள் பேட்டரிக்காரனிடம் போய்விட்டது. இவர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு வாரத்துக்கு முன்பதிவு ஆகியிருந்தது, எல்லாம் அவரே போனில் பேசிப் பிடித்தவை.

நாலாம் நாள் ட்ரெண்டு கூப்பிட்டான். கோபத்தை மறந்துவிட்டிருந்தான். அவனிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"அக்கா, ஒரு விஷயம். உங்க வீடியோவோட கிராஃபைப் பாத்துட்டு இருக்கேன். யார் எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு காட்டும்ல, அது. ரெண்டாவது நிமிஷத்துலயே விழுந்துடுது. அஞ்சாவதுல தரை. ஆனா பன்னெண்டாவது நிமிஷத்துல திடீர்னு ஒரு மேடு. யாரோ போயிட்டுப் போயிட்டு வந்து, அந்த எடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாக்குறாங்க. இப்படி ஒரு வெறி பிடிச்ச ஆடியன்ஸை நான் பாத்ததே இல்ல. அவங்க யாரு, என்ன வயசு, எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்குன்னே ஒரு சீரிஸ் பண்ணலாம்."

"எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கிற?" என்று கேட்டேன்.

"எப்படியும் ஒரு நூறு பேராவது இருப்பாங்கக்கா."

"விசாரிச்சுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கோட்டை மறுபடியும் பன்னிரண்டாவது நிமிடத்துக்கு இழுத்தேன்.